60 சதுர அங்குல மாளிகை

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. முகவரி கேரளம், அடுப்பங்கரைப் பேச்சு தமிழ், ஆம்லெட் நாமக்கல். வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கும், கம்பம் குமுளி வழியாக இடுக்கி மலைக்கும் அட்டை அட்டையாக ஏறி வருகிற வெள்ளை முட்டையைத் தின்றுதான் நாங்கள் ஆளானோம். தின்ற சோற்றுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? முட்டையைப் புகழ ஆள் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விளம்பரம் போட்டே அதை நாடு முழுக்கப் பிரபலமாக்கிவிட்டது. கோழியையும் யாராவது எப்போதாவது நினைக்கிறார்கள், குழம்பு வைக்கும்போதாவது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் உழைக்கிற கூண்டுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு பூ எடுத்துப் போட்டதில்லை. அந்தப் பழியை நானாவது துடைக்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பா ஒருவர் லேயர் பண்ணை வைத்திருக்கிறார். "வா சாமி, உள்ள வந்து பாரு, சும்மா புஸ்தகத்த மட்டும் படிச்சிட்டு இருக்காத" என்று ஒரு நாள் கூட்டிப்போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிக் காட்டியபோது ஔவையார் வாய் நிறையப் புகழ்ந்தாராம். சித்தப்பா கொட்டகையைச் சுற்றிக் காட்டியபோது எனக்கும் அந்தப் பாட்டிக்கு வந்த பக்தியே வந்தது.

ஆள் உயரத் தூண்கள் மேல் நிற்கிற நீளமான கொட்டகை. பக்கச்சுவர் கிடையாது, கம்பிவலைதான். உள்ளே படிக்கட்டு மாதிரி மூன்று அடுக்குக் கூண்டு. எச்சம் கம்பி இடுக்கு வழியாக நேரே கீழே விழுந்துவிடும். கோழியின் கால் கம்பியில், கண் தீவனத் தொட்டியில், தலைக்கு மேலே நிப்பிளில் சொட்டுத் தண்ணீர். ஓர் அறையைச் சித்தப்பா டேப் வைத்து அளந்தே காட்டினார். 15 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். குடியிருப்போர் மூன்று பேர். ஆளுக்கு 60 சதுர அங்குலம், அதாவது 387 சதுர சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் 624 சதுர சென்டிமீட்டர் வரும். அந்தத் தாளைப் பாதியாக மடித்துப் போட்டு, பக்கத்தில் நாலு தீப்பெட்டியை அடுக்கினால் ஒரு கோழியின் மொத்த சொத்து வந்துவிடும். வேலித்தகராறு கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது. எங்கள் பங்காளிகள் இரண்டு சென்ட் நிலத்துக்குப் பதினோரு வருஷமாகச் சித்தூர் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்; இந்தக் கொட்டகைக்கு ஒரு நடை வந்து பார்த்தால் திருந்துவார்கள்.

தரை முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது. அதுதான் கூண்டின் சிகரமான யோசனை. முட்டை விழுந்த கையோடு உருண்டு வெளியே ஓடையில் போய் நிற்கும். தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளை கைக்கு எட்டாது. திரும்புவதற்கும் இடமில்லை என்பதால் பிரிவுத் துயரம் இரண்டு தடவை தடுக்கப்படுகிறது. அடைகாக்கலாம் என்ற மூட ஆசை எந்தக் கோழிக்கும் தலைதூக்காது.

இப்படி நல்லது செய்கிற இடத்தில் மூக்கை நுழைக்கவே சிலர் பிறக்கிறார்கள். 1989-ல் மரியன் டாக்கின்ஸ், சில்வியா ஹார்டி என்று இங்கிலாந்தில் இரண்டு பேர் ஒரு கோழி எதற்கு எவ்வளவு இடம் எடுக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். சும்மா நிற்க சராசரி 475 சதுர சென்டிமீட்டர். இறக்கையை நீட்ட 893. அப்படியே ஒரு சுற்று திரும்ப 1,272. படபடவென்று இறக்கை அடிக்க 1,876. அவர்கள் அளந்தது உடம்பு பெருத்த பழுப்புக் கோழி. நம்முடையது ஒல்லி வெள்ளைக்கோழி, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். எவ்வளவு தள்ளினாலும் கணக்கு உதைக்கிறதே, சும்மா நிற்கவே 475 கேட்கிற பிறவி 387-ல் எப்படி நிற்கிறது என்று சித்தப்பாவைக் கேட்டேன். "ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கும் கண்ணு" என்றார். கூட்டுக்குடும்பம் அழிந்துபோயிற்று என்று பட்டிமன்றத்தில் அழுகிறவர்கள் கவனிக்கவும்.

முட்டை விலை நன்றாக ஏறியிருந்த ஒரு வருஷம், அறைக்கு நாலாவது கோழி விட்டுப் பார்க்கலாமே என்று சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்ததாம். அந்த யோசனையின் அழகை நின்று பார்க்க வேண்டும். நெருக்கினால் கோழிக்கு என்ன ஆகும் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. தீவனம் எடுப்பது குறையும், தலைக்கு முட்டை குறையும், சாவு கூடும். தொட்டியில் ஆளுக்கு 5 அங்குலம் இருந்தது நாலாவது வந்தால் 3¾ அங்குலமாகிவிடும். நாலு தலை ஒரே நேரத்தில் நுழையாது. இளைத்தது பின்னால் நிற்கும், மற்றவை தின்று முடிக்கும்வரை. இவ்வளவும் கோழிக் கணக்கு. கூண்டுக் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: மூன்று கோழி, தலைக்கு வருஷம் 310 முட்டை, மொத்தம் 930. நாலு கோழியாகி ஒவ்வொன்றும் 285-க்கு இறங்கினாலும் மொத்தம் 1,140. ஒவ்வொரு கோழியும் தோற்கிறது, கூண்டு மட்டும் ஜெயிக்கிறது. தீவனச் செலவைக் கழித்தாலும் விலை ஏறிய வருஷத்தில் கையில் ஏதோ நிற்கும். நியாயம்தானே? கடன் வாங்கிப் போட்டது கூண்டு. பேங்க் பத்திரத்தில் கோழியா கையெழுத்துப் போட்டது?

உற்பத்தித்திறன் என்ற சொல்லை இவ்வளவு சாமர்த்தியமாகப் பிடித்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோழியின் உற்பத்தி குறைந்தால் அது நோய். சதுர அடியின் உற்பத்தி கூடினால் அது நிர்வாகம். இரண்டும் ஒரே நாளில் ஒரே அறையில் நடக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வாசலில் இருக்கிறவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. கோழியின் உடம்புச் சூடு 41. வெளியே 40, உள்ளே 41, பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி 41 டிகிரியில் இன்னும் இரண்டு அடுப்பு. கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து, தொண்டை துடிக்க, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இறக்கையை விரித்து உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் காற்று நுழையும். அந்தத் தேவையில்லாத பழக்கத்தைக் கூண்டு முதல் நாளிலேயே நிறுத்திவிட்டது. இளைக்க இளைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு மூச்சோடு போய்விட்டால், கிளிஞ்சல் தூளை எவ்வளவு கொட்டினாலும் ஓடு மெல்லிசாகத்தான் வரும். சில சமயம் ஓடே இல்லாமல் தோல்முட்டை வரும். மெல்லிசு ஓடு கம்பியில் விழுந்து உருண்டால் கீறும். கீறல் விழுந்ததைத் தனி அட்டையில் எடுத்து வைப்பார்கள். தட்டுக்கடைக்காரர் வந்து குறைந்த விலைக்கு வாங்கிப் போவார். ஆக, கோழி மூச்சு வாங்கியதால் ஒரு சிறுவியாபாரி பிழைக்கிறார். எதுவும் வீணாவதில்லை.

ஓடு பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகும். வருஷத்துக்கு 300 முட்டை என்றால் 600 கிராம். கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருக்கிற கால்சியமே 20 கிராம் அளவுதான். தன் எலும்புக்கூட்டை வருஷத்தில் முப்பது தடவை ஓடாகச் செய்து கொடுக்கிறது என்று அர்த்தம். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். அந்த நேரத்தில் குடலில் தீவனம் தீர்ந்துவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நடந்து, பறந்து, கம்பில் ஏறி உட்கார்ந்தால் எலும்பு உறுதியாகும். கூண்டில் அந்த அலைச்சல் இல்லை. 1989-லேயே இங்கிலாந்தில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, முட்டைக்காலம் முடிந்து கூண்டிலிருந்து எடுத்துக் கொண்டுபோன கோழிகளில் 100-க்கு 29-க்கு எங்காவது ஓர் எலும்பு முறிந்திருந்தது என்கிறது. ததீசி முனிவர் தம் முதுகெலும்பை இந்திரனுக்குக் கொடுத்ததைப் புராணம் இன்னும் பேசுகிறது. அவர் கொடுத்தது ஒரே தடவை.

கொட்டகையில் நான் அதிகநேரம் நின்று பார்த்தது ஒரு நடு அடுக்குக் கோழியை. வெட்டிய அலகு, மேல் அலகு குட்டையாகவும் கீழ் அலகு கொஞ்சம் நீட்டியும். ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமலிருக்கக் குஞ்சிலேயே சூட்டுக்கத்தியில் வெட்டிவிடுவார்கள். நகம் கடிக்கிற பிள்ளைக்கு விரலை எடுத்துவிடுகிற மாதிரி, நிரந்தரத் தீர்வு. கழுத்தில் இறகு போய்ச் சிவப்புத் தோல் தெரிந்தது. அது மெல்லக் காலை மடக்கி உட்கார்ந்து, வெறுங்கம்பியில் மார்பைத் தேய்த்து, கால்களால் இல்லாத மண்ணை வாரி, இருக்கிற இரண்டு இறகைச் சிலிர்த்து மண்குளியல் போட்டது. மண் கிடையாது. ஒரு சிட்டிகை தூசிகூடக் கிடையாது. பக்கத்துக் கோழி அதன் முதுகில் கால் வைத்துத் தொட்டிக்கு எட்டியது. குளியல் முடிந்ததும் எழுந்து உதறிக்கொண்டது. யோகிகள் தண்ணீர் இல்லாமல் தீர்த்தமாடுவார்கள் என்று கேள்வி. கம்பியில் நேரில் பார்த்தேன்.

"சுகமா இல்லாட்டி முட்ட வைக்குமா சாமி?" என்று சித்தப்பா கேட்டார். எல்லாப் பண்ணையிலும் இதே கேள்வி, இதே குரல். எனக்குப் பதில் வரவில்லை. 300 முட்டைக்கு மேல் வைக்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த உடம்பு அது. பதினாறு மணி நேர விளக்கு வெளிச்சத்தில் அது வைக்காமலிருக்க முடியாது. மாதச் சம்பளத்துக்குத் தினமும் ஆபீஸ் போகிறவன் சுகமாகத்தான் இருக்கிறான் என்று அவன் மேலதிகாரி நம்புகிற மாதிரி.

முட்டையும் காட்டிக்கொடுக்காது. அதுதான் கூண்டின் பெரிய பலம். உடைத்துப் பாருங்கள், வெள்ளைக்கரு கெட்டியாக நிற்கும், ஏனென்றால் அது பெரும்பாலும் கோழியின் வயதையும் முட்டையின் புதுசையும் பொறுத்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். நிறம் தீவனத்தில் சேர்க்கிற மக்காச்சோளத்தையும் செண்டுமல்லிச் சாற்றையும் பொறுத்தது. ஓடு சுத்தமாக இருக்கும். எங்கள் அமுச்சிப் பாட்டி வைக்கோல்போரில் தேடி எடுக்கிற நாட்டுக்கோழி முட்டையில் எச்சம், மண், ஒரு வைக்கோல் துணுக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். கூண்டு முட்டை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டையில் வரும். வீட்டில் நடந்ததை வெளியே சொல்லாத நல்ல பிள்ளை.

சட்டமும் மரியாதை தெரிந்த சட்டம்தான். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ம் பிரிவு, அசைய நியாயமான வாய்ப்பில்லாத கூண்டில் எந்தப் பிராணியையும் அடைப்பது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். ஒன்றிரண்டு முட்டைக் காசில் ஆரம்பித்து ஒரு டஜன் முட்டைக்குள் முடிந்துவிடும். 2017-ல் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கை முழுவதையும் கோழிகளுக்கே ஒதுக்கியது. 2019-ல் மத்திய அரசு வரைவு விதி கொண்டுவந்தது: கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர். இந்த 550 எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதே என்று பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியம் தன் வெறுங்கூண்டுகளுக்கு வைத்திருந்த அளவு. அது போதாது என்று 2012 ஜனவரி 1-ல் அந்தக் கூண்டுகளையே தூக்கியெறிந்துவிட்டார்கள். ஸ்விட்சர்லாந்து அதற்கும் இருபது வருஷம் முந்தியே தூக்கியெறிந்தது. அவர்கள் கழித்த சட்டையை நாம் அளவெடுத்துக்கொண்டிருந்தோம். பண்டிகைக்கு அண்ணன் சட்டை போட்டு வளர்ந்த நாட்டுக்கு இது புதுசா?

எங்கள் மாநிலத்தைப் புகழாமல் விட்டால் ரேஷன் கார்டுக்குத் துரோகம். கேரளம் புண்ணியத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாவத்தை வாளையாருக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறது. கூண்டு அங்கே, நாற்றம் அங்கே, ஈ அங்கே, முட்டை இங்கே. தின்றுகொண்டே, "நாடன் முட்டையோட ருசி வேற" என்று பெருமூச்சும் விடுவோம். அந்தப் பெருமூச்சை வியாபாரிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கியெடுத்தால் நாடன். கோழி கூண்டைவிட்டு ஒரு அடி நகரவில்லை, முட்டை மட்டும் சாயம் பூசிக்கொண்டு வைக்கோல்போருக்குக் குடிவந்துவிடுகிறது.

கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட் கோழி மேய்க்கணும் என்பார்கள். மலம்புழாவில் அரசாங்கக் கோழிப்பண்ணையே இருக்கிறது. மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலட்சுமி, கிராமஸ்ரீ இனங்கள் வீட்டு முற்றத்தில் மேய்வதற்கென்றே வந்தவை. கூண்டுக்கோழியின் 300-க்குப் பக்கத்தில் நிற்காது, ஆனால் கறையானும் சோற்றுப்பருக்கையும் தின்று சமாளிக்கும். பிறகு முற்றமே போய்விட்டது. பத்து சென்ட் ஐந்து சென்டாகி, ஐந்து சென்ட்டிலும் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. அதனால் மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகமான கெப்கோ, நகரப்பிரியா என்ற திட்டத்தில் 5 கோழியும் ஒரு கூடும் சேர்த்தே கொடுத்தது. குற்றம் சொல்ல மாட்டேன். அதில் கோழிக்குக் கிடைக்கிற இடம் நாமக்கல் கணக்கைவிடத் தாராளம், தினமும் முகம் பார்த்துத் தண்ணி வைக்கிற ஓர் ஆளும் உண்டு. ஆனாலும் மனுஷன் தன் வீட்டுக்குக் கம்பிக் கிராதி போட்டு முடித்த கையோடு கோழிக்கும் போட்டது ஒரு ஒற்றுமைதான்.

வெளியே மேய்கிற கோழிக்கு மட்டும் சொர்க்கமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். கீரி உண்டு, பருந்து உண்டு, ராத்திரியில் மரநாய். ரத்தக்கழிச்சல் வந்தால் குஞ்சுகள் வரிசையாகப் போகும். அமுச்சியின் பஞ்சாரத்தில் பத்துக் குஞ்சு பொரித்தால் நாலு ஆளாவதே அதிர்ஷ்டம். கூண்டில் கீரி வராது. சிறையில் திருட்டுப் பயம் இல்லாத மாதிரி.

மனைவியின் ஊர் தேவிகுளம் பக்கம், எஸ்டேட். அவளுடைய பெரிய மாமா வேலையிலிருந்து நிற்கும்வரை லயத்தில்தான் இருந்தார். ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு திண்ணை, அதற்குள் ஏழு பேர். கோழி திண்ணைக்கடியில். சித்தப்பா கூண்டின் அளவை அவரிடம் சொன்னபோது கொஞ்சநேரம் கட்டன்சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். "பரவால்லீங்க மாப்ள, தலைக்கு இவ்ளோன்னு கணக்குப் போட்டாவது வச்சிருக்காங்களே" என்றார். வெளியே தேயிலைக்கு அப்பால் சோலையில் சாம்பல் காட்டுக்கோழி கத்தியது. நம் பண்ணைக்கோழியின் மஞ்சள் கால் இருக்கிறதே, அந்த மஞ்சளுக்கான மரபணு இந்தச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற முட்டையை வைத்துக்கொண்டு மலை முழுக்கத் திரிகிறது, உருப்படாத சொந்தம். அதன் வழிவந்த கால்தான் அங்கே கம்பியில் நிற்கிறது.

போன மாசம் வேலந்தாவளம் சந்தைப் பக்கம் கழித்த முட்டைக்கோழி ஏற்றி வந்த வண்டியிலிருந்து அமுச்சி இரண்டு வாங்கிவந்தாள். குழம்புக்குத்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. முற்றத்தில் இறக்கிவிட்டாள். இரண்டும் விட்ட இடத்தில் அப்படியே நின்றன. சுற்றிலும் அரை ஏக்கர். ஒன்று ஒரு காலைத் தூக்கியது, மண்ணைப் பார்த்தது, திரும்ப அதே இடத்தில் வைத்தது. கூண்டு எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது பாருங்கள், கம்பியே இல்லாத இடத்திலும் கம்பிக்குள் நின்றன. சாயங்காலம் வரை ஆளுக்கு 60 சதுர அங்குலத்தைத் தாண்டவில்லை. தவிட்டை முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வளர்ப்பு கெட்டது. வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற குழியில் ஒன்று இறங்கிப் படுத்து, காலால் வாரி வாரி மேலே போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டிச் சாம்பலில் வைத்து, கண்ணைச் செருகிக்கொண்டது. இன்னொன்று பார்த்துக்கொண்டே நின்று அதுவும் இறங்கியது. ஒரு மணி நேரம். துணி காயப்போட்ட கொடி முழுக்கச் சாம்பல். அடுத்த வாரம் விறகுக் குவியலுக்குள் நுழைந்து ஒன்று முட்டை வைத்தது. வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேறியது. சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பத்தாயிரம் கோழி இருக்கிற கொட்டகையில் ஒரு முட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தால் காது என்ன ஆகும் என்றார். குழம்பு எப்போது என்று அமுச்சியைக் கேட்டேன்.

"மொதல்ல அந்தச் சாம்பக்குழிய விட்டு வெளிய வரட்டும்" என்றாள்.